கணவன் மனைவிக்குள் எழுதிய சொத்துப் பத்திரத்தை மாற்றணுமா?

“நான் எழுதிக் கொடுத்த பத்திரம்தானே அக்கா, நானே ரத்து பண்ணிக்கிடலாம்லா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். முடியாது. சம்சாரத்துக்கோ வீட்டுக்காரருக்கோ ஒரு சொத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், அதை மாற்றும் அதிகாரம் கொடுத்தவரை விட்டுப் போய்விடும். வாங்கியவர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் மாறும். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

நான் அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதுகிறேன். அப்பா செய்த தொழில், அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. அவர் காலத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் பத்திரம் என்றாலே ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஏதோ சண்டை என்று. இப்போது அப்படியில்லை. வளைகுடாவில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் மனைவி பேரில் வாங்கிய மனை, இரண்டு பேர் சம்பளத்தில் கட்டிய வீடு, தொழில் நொடித்தால் குடியிருக்கிற வீடாவது தப்பட்டும் என்று எழுதி வைத்தது என்று காரணங்கள் பலவிதம். பத்து வருஷம் கழித்து நிலைமை மாறும்போது பத்திரமும் மாறவேண்டியிருக்கிறது. அதற்கான வழிதான் இது. சொத்து தமிழ்நாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு அடிப்படை விஷயம். கல்யாணம் ஆனதால் மட்டும் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடாது. கோவாவில் பழைய போர்த்துகீசியச் சட்டப்படி தம்பதிக்குப் பொதுச் சொத்து என்ற ஏற்பாடு உண்டு. நம் பக்கம் அது கிடையாது. கணவர் பேரில் உள்ளது கணவருடையது, மனைவி பேரில் உள்ளது மனைவியுடையது. “என் பணத்தில்தான் அவ பேரில் வாங்கினேன்” என்பது உண்மையாகவே இருக்கட்டும். தெரிந்த வருமானத்தில் மனைவி பேரில் சொத்து வாங்குவதை 1988ஆம் வருஷத்துப் பினாமிச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் நகராது.

கையில் இருப்பது எந்தப் பத்திரம்?

மாற்றுவதற்கு முன் மூலப் பத்திரத்தை எடுத்து, தலைப்பை மட்டுமில்லாமல் உள்ளே இருப்பதையும் முழுசாகப் படியுங்கள். ‘உடன்படிக்கை’ என்று தலைப்புப் போட்டு உள்ளே தானம் எழுதியிருப்பார்கள். ‘செட்டில்மெண்ட்’ (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு அன்பின் பேரில் சொத்தை எழுதிக் கொடுப்பது) என்று போட்டுவிட்டு, என் காலத்துக்குப் பிறகுதான் சேரும் என்று உயிலை எழுதியிருப்பார்கள். உள்ளே உள்ள வாசகம்தான் செல்லும்.

உயிலாக இருந்தால் கவலையே இல்லை. எழுதியவர் உயிரோடும் சுயநினைவோடும் இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டாம். பதிவு செய்த உயிலைப் பின்னால் எழுதும் பதிவில்லாத உயில்கூட மாற்றிவிடும், இரண்டு சாட்சி ஒழுங்காக இருந்தால். பாளையங்கோட்டை, வள்ளியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கணும்: இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அப்படியில்லை.

இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தி வைத்திருக்கிறவர்கள் அடுத்த வகை. “வீட்டில் பாதி உனக்கு, தோப்பு முழுக்க எனக்கு” என்று அதில் இருக்கும். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையைக் கொடுப்பதோ எடுப்பதோ பதிவானால்தான் செல்லும் என்று 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. தானம் என்றால் மதிப்பு எவ்வளவானாலும் பதிவு வேண்டும். பதிவாகாத காகிதத்தை வைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்கிறது 49ஆம் பிரிவு. ஆகவே இந்த வகைக்காரர்கள் ‘மாற்ற’ வேண்டியது எதுவுமில்லை. சொத்து இன்னும் பழைய ஆளிடமே இருக்கிறது. இப்போது என்ன வேண்டுமோ அதைப் புதிதாக எழுதிப் பதிந்தால் போதும்.

இரண்டு பேர் பேரிலும் சேர்ந்து கிரயம் வாங்கியது மூன்றாவது வகை. யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் போட்டிருந்தால் அதன்படி. போடவில்லையென்றால் போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு. அதற்கும் அத்தாட்சி இல்லையென்றால் சரிபாதி. இதை மாற்ற விடுதலைப் பத்திரம் போதும். ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் விடுதலை, கூட்டுப் பாத்தியம் உள்ளவர்களுக்குள் மட்டும்தான் எழுத முடியும். கணவர் பேரில் மட்டும் உள்ள நிலத்தில் மனைவிக்குப் பங்கே இல்லாதபோது, கட்டணம் குறையும் என்று யாரோ சொன்னதாக விடுதலை எழுதக் கேட்பார்கள். இல்லாத பங்கை எதோடு சேர்க்க? அதை நான் எழுதுவதில்லை.

நான்காவது செட்டில்மெண்ட். வருகிறதில் பெரும்பகுதி இதுதான், சிக்கலும் இதில்தான்.

செட்டில்மெண்ட்டை மாற்றுவது

முன்பெல்லாம் கொடுத்தவர் மட்டும் போய் ‘செட்டில்மெண்ட் ரத்து’ என்று ஒரு பத்திரம் பதிந்துவிட்டு வருவார். வாங்கியவருக்குத் தகவல்கூடப் போகாது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொடுத்தவர் தன்னிச்சையாக எழுதும் இந்த மாதிரி ரத்துப் பத்திரத்தைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அது இருக்கிறது: இன்னது நடந்தால் சொத்து திரும்பிவிடும் என்று இருவரும் சம்மதித்து முதலிலேயே எழுதியிருக்கணும், அந்த நிகழ்ச்சியும் கொடுத்தவரின் இஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. உதாரணமாக, வாங்கியவரும் அவர் சந்ததியும் கொடுத்தவருக்கு முன்பே காலமானால் சொத்து திரும்பும் என்ற நிபந்தனை செல்லும். “நான் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வேன்” என்ற வரி செல்லாது. சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று இந்த வரியைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை, கொடுத்ததே கேள்விக்குள்ளாகும்.

வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், பழைய ஒருதலை ரத்து ஒன்று தென்பட்டால் விட்டுவிடாதீர்கள். “அதான் ரத்தாகிட்டே” என்று கணவர் நிம்மதியாக இருப்பார். வங்கி வக்கீல் அந்த இடத்தில்தான் பென்சிலால் வட்டம் போடுவார். மனைவி இருக்கும்போதே அவரிடமிருந்து ஒரு பத்திரம் எழுதி வாங்கிச் சரிசெய்துகொள்வது நல்லது.

சரி, இருவருக்கும் சம்மதம் என்றால் எப்படி மாற்றுவது? இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ரத்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை. கொடுத்து, வாங்கி, பட்டாவும் மாறி, வரியும் கட்டி வந்த சொத்தை ‘கொடுக்கவே இல்லை’ என்று ஆக்குவதை விட, இப்போதைய சொந்தக்காரர் முன்னாள் சொந்தக்காரருக்குப் புதிதாக ஒரு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது சுத்தமான வேலை. தொடர்ச்சி அறுபடாது, நாளைக்குக் கிரயம் பண்ணும்போது யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். முழுச் சொத்தையும் திருப்ப வேண்டும் என்றும் இல்லை. போன வருஷம் வந்த ஒரு தம்பதிக்கு ஒரே மனையில் இரண்டு வீடு. வாடகைக்கு விட்ட வடபுற வீடு மட்டும் கணவர் பேருக்குத் திரும்பினால் போதும் என்றார்கள். வாசகம் ஏறக்குறைய இப்படிப் போட்டேன் (தபசில் என்பது பத்திரத்தின் அடியில் வரும் சொத்து விவரம்):

“நமக்குள் உள்ள திருமண உறவின் பேரிலும் அன்பின் பேரிலும், தாங்கள் எனக்கு மேற்படி சார் பதிவாளர் அலுவலகம் 1 புத்தகம் இன்ன ஆண்டு இன்ன எண்ணாகப் பதிவான செட்டில்மெண்ட் பத்திரப்படி கொடுத்து, அன்று முதல் என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும் சொத்தில், அடியில் கண்ட தபசிலில் விவரித்த வடபுற வீடும் அதன் அடிமனையும் மட்டும் இன்று முதல் தங்களுக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாய்ச் சேர வேண்டியது. மீதிச் சொத்து முன்போல் என் பாத்தியத்திலேயே இருந்துவரும். நடைபாதையும் கிணறும் இருவருக்கும் பொதுவில் இருந்துவரும்.”

கடைசி வரியைப் பாருங்கள். பாதி சொத்தைத் திருப்பும்போது பாதை, கிணறு, கழிவுநீர்க் குழாய், மோட்டார் இணைப்பு இவற்றை எழுத மறந்துவிடுவார்கள். கணவன் மனைவி இருக்கிற வரைக்கும் பிரச்சினை வராது. அடுத்த தலைமுறையில் அண்ணன் தம்பி அந்தக் கிணற்றடியில் நிற்பார்கள்.

மேலப்பாளையம் பக்கம் ஹிபா (முஸ்லிம் சட்டப்படியான தானம்) கொடுத்தவர்களுக்கும் இதே கதைதான். சுன்னி முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி, கணவன் மனைவிக்குள் கொடுத்து, சொத்தும் கைமாறிவிட்டால் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. திரும்ப வேண்டுமென்றால் வாங்கியவர் புதிதாகத் தான் ஒரு ஹிபா கொடுக்கணும்.

பிள்ளைகள் பேர் இருந்தால் நில்லுங்கள்

நம் பக்கத்துப் பழைய செட்டில்மெண்ட்களில் ஒரு வாசகம் அடிக்கடி வரும்: “ஜீவிய காலம் வரை மனைவி வில்லங்கம் செய்யாமல் அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் நமக்குப் பிறந்த மக்கள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். எழுதும்போது மனைவி கையில் கைக்குழந்தை. பத்து வருஷம் கழித்து வீட்டை விற்று மதுரையிலோ சென்னையிலோ வாங்கலாம் என்று இருவரும் வந்து நிற்பார்கள்.

இந்தப் பத்திரத்தில் மனைவிக்கு உள்ளது ஆயுள்கால அனுபவம் மட்டும். மூலச் சொத்து பத்திரம் பதிவான அன்றே பிள்ளைகளிடம் போய்விட்டது. கைக்கு வரும் நாள்தான் தாயின் காலத்துக்குப் பிறகு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணுக்கு முழு உரிமை தருகிறதே என்று கேட்பார்கள். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தானமாகவோ செட்டில்மெண்ட்டாகவோ வந்த சொத்தில் கட்டுப்பாட்டை எழுதியே கொடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு நிற்கும் என்கிறது. எனவே கணவனும் மனைவியும் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. பிள்ளைகள் 18 வயது தாண்டியிருந்தால் அவர்களும் சேர்ந்து எழுதிக் கொடுக்கணும். தாண்டவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி வாங்கணும். தகப்பனார் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. மைனருக்கு அவசியம், அல்லது மைனருக்குத் தெளிவான ஆதாயம் என்று காட்டினால்தான் நீதிமன்றம் அனுமதிக்கும். பிள்ளை சொத்தை எடுத்து அப்பா கடனை அடைப்பது ஆதாயத்தில் வராது. அனுமதி இல்லாமல் பண்ணிய மாற்றத்தைப் பிள்ளை மேஜரானதும் நீதிமன்றத்துக்குப் போய் உடைத்துவிடலாம்.

ஆகவே என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுகிற வரி ‘காலத்துக்குப் பின்’. அது இருந்தால் டீ சொல்லிவிட்டு உட்கார வைப்பேன். சீக்கிரம் முடிகிற வேலை இல்லை.

இதற்கு நேர் எதிர், மனைவிக்குச் சர்வ சுதந்திரமாகவே கொடுத்து, அவர் உயிலும் எழுதாமல் காலமாகிவிடுவது. கொடுத்தது நான்தானே என்று கணவர் நினைப்பார். இந்துக் குடும்பமானால் பிள்ளைகளும் கணவரும் சமபங்கில் வாரிசுகள். மூன்று பிள்ளை இருந்தால் அவருக்கு நாலில் ஒன்று. மாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தள்ளிப்போடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

பணம், நகை, கடன் பற்றிய உடன்படிக்கை

எல்லாம் நிலமாகவே இருக்காது. யார் கடனை யார் கட்டுவது, கடையில் யாருக்கு எத்தனை பங்கு, சீர் நகை யாருடையது என்று எழுதிக்கொள்கிறவர்களும் வருகிறார்கள், முக்கியமாக இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில். இதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி இருவரும் சம்மதித்து மாற்றலாம், ரத்தும் செய்யலாம். பழைய தேதியைக் குறிப்பிட்டு, எந்தப் பத்தி மாறுகிறது, எது அப்படியே தொடர்கிறது என்று ஒரு துணை உடன்படிக்கை எழுதுங்கள். பழைய தாளில் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பத்திரத்தை வாய்ப்பேச்சில் மாற்றியதாகவும் சொல்ல முடியாது. சாட்சிச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது.

பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் ஒருவர் மட்டும் விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பார்க்கணும். நெருங்கிய உறவினருக்குள் இயல்பான அன்பின் பேரில், எழுத்தில், பதிவோடு இருந்தால்தான் செல்லும். சண்டை முற்றிப்போய் ஊர்ப் பெரியவர்கள் உட்கார வைத்து எழுதியதில் ‘அன்பின் பேரில்’ என்று போட்டாலும் அன்பு வந்துவிடாது. 1900ஆம் வருஷத்திலேயே கல்கத்தா உயர்நீதிமன்றம், தீராத சண்டையில் இருந்த கணவன் மனைவி எழுதிப் பதிவு செய்த பத்திரத்தில் இயல்பான அன்பு எங்கே என்று கேட்டுத் தள்ளியிருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் தொகை, கடன் பொறுப்பு என்று உண்மையான பிரதிபலன் ஒன்றைக் கொடுத்து எழுதுவதே நிற்கும்.

“நாளைக்குப் பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்” என்ற வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். பராமரிப்புக் கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எதிர்காலப் பிரிவினைக்கு முன்கூட்டியே எழுதும் ஏற்பாடும் பொதுநலனுக்கு விரோதம் என்று செல்லாமல் போகும்.

யாரைக் கேட்கணும்?

வீட்டின்மேல் கடன் இருந்தால் முதலில் வங்கி. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அவர்களிடம் தடையில்லாச் சான்று இல்லாமல் பேரை மாற்றினால் கடன் ஒப்பந்தத்தை மீறியதாகும்.

கடன்காரர்கள் துரத்தும்போது மனைவி பேருக்கு மாற்றுவது இன்னொரு ரகம். கடனை ஏய்க்கும் நோக்கத்தில் செய்த மாற்றத்தைக் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்ய வைக்கலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குச் சம்மன் வந்த பிறகு ஓடி வருகிறவர்களிடம் வக்கீலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வருமான வரியில் ஒரு சின்ன விஷயம். மனைவிக்குத் தானமாகக் கொடுத்ததற்கு அவருக்கு வரி கிடையாது. ஆனால் அந்த வீட்டு வாடகை கொடுத்த கணவரின் வருமானத்தோடுதான் சேரும். வாடகை வரிக்காகப் பேரை மாற்ற வருகிறவர்கள் இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

செலவும் வேலையும்

கணவன் மனைவிக்குள் செட்டில்மெண்ட், விடுதலை இரண்டுக்கும் குடும்ப உறுப்பினர் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தியவை. அதற்கு முன் 25,000, 4,000. வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த மதிப்பில்) 18 லட்சம் வரும் வீடு என்றால் தீர்வை 18,000, பதிவுக் கட்டணம் 10,000. ஆக 28,000, அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். இதையே கிரயமாக எழுதினால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், ஒரு லட்சத்து 62 ஆயிரம். பதியப்போகும் அன்றைய கட்டணத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அரசாணை வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மாறும்.

பேரில் எழுத்துப்பிழை, சர்வே எண் தவறு, எல்லை தவறு மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்தச் செலவெல்லாம் வேண்டாம், பிழைதிருத்தல் பத்திரம் போதும். ஆனால் பிழைதிருத்தல் என்ற பேரில் பங்கைக் கூட்டுவதோ புதுச் சொத்தைச் சேர்ப்பதோ கூடாது. சார் பதிவாளர் கண்டுபிடித்துவிடுவார், முழுத் தீர்வையும் கேட்பார்.

முதலில் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். தாய்ப்பத்திரம் பதிவான நாளிலிருந்து போடுங்கள், கடைசி ரெண்டு வருஷத்துக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு மனுக் கொடுத்து வாங்கணும். அடுத்து பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம் தாமிரபரணிப் பாசனத்தில் இது பெரிய தலைவலி. கன்னடியன் கால்வாய், நதியுண்ணிக் கால்வாய்ப் பக்கத்து நஞ்சைகளுக்குப் பழைய பத்திரத்தில் ‘இத்தனை மரக்கால் விதைப்பாடு’ என்று இருக்கும், எண்பதுகளில் யூடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலைக்குப் பிறகு வந்த பட்டாவில் ஏர்ஸ் கணக்கு, பேச்சில் செண்ட். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது. பழைய சர்வே எண், புதிய எண், உட்பிரிவு, பழைய அளவு, இப்போதைய அளவு எல்லாவற்றையும் தபசிலில் எழுதிவிடுவது என் வழக்கம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் பனைவிளைகளில் எல்லைக்கு ‘இன்னார் விளைக்குக் கிழக்கு’ என்று இருக்கும், அந்த இன்னார் காலமாகி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். நேரில் போய் இப்போது பக்கத்தில் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

பெண்கள் பேர் விஷயத்தில் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். பிறந்த வீட்டில் வாங்கிய பத்திரத்தில் அப்பா இனிஷியலோடு இசக்கியம்மாள். ஆதாரில் கணவர் இனிஷியலோடு இசக்கி. பான் அட்டையில் வேறொன்று. இவை எல்லாம் ஒருவரே என்று பத்திரத்திலேயே எழுதி, ஆதாரில் உள்ளபடி பேரை முதலில் போட்டு, ‘என்ற’ சேர்த்து மற்றதைப் போடுங்கள். விரல் ரேகை ஆதாரோடு பொருந்த வேண்டும். வயல் வேலை, பாத்திரம் தேய்ப்பு என்று ரேகை அழிந்துபோன அம்மாக்களுக்கு அன்றைக்குப் பெரும்பாடு. ஆதார் மையத்தில் முன்கூட்டியே ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் நல்லது.

பத்திர விவரத்தை இணையத்தில் ஏற்றி, கட்டணத்தைக் கட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு போகணும். அன்றைக்கு இருவரும் நேரில், இரண்டு சாட்சிகள், அடையாள அட்டைகள், பழைய மூலப் பத்திரம், வரி ரசீது, சொத்தின் புகைப்படம். சாட்சிக்குச் சொந்தக்காரர் வரலாம். ஆனால் பின்னால் வழக்குக்கு வந்தால் பேசத் தயங்காத ஆளாக இருக்கட்டும், வாசலில் நிற்கிறவரைக் கூப்பிடாதீர்கள். எழுதி முடித்த தேதியிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம்; அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

டோக்கனுக்கு முந்தின நாள் நான் ஒன்று செய்வேன். விட்டுக்கொடுக்கப் போகிற ஆளைத் தனியாக உட்கார வைத்துப் பத்திரத்தை முழுசாகப் படித்துக் காட்டுவேன். பெரும்பாலும் அது மனைவிதான். ஒரு அம்மா, வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போன நேரத்தில், “தாயி, இதுல கையெழுத்துப் போட்டா வீடு என்னை விட்டுப் போயிருமா? அவிய வரி கட்டத்தானே சொன்னாவ” என்றார். பத்திரத்தை எழுதாமல் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினேன். இதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் வாங்கிய பத்திரம் கோர்ட்டுக்குப் போனால், அவர் விவரம் புரிந்துதான் கையெழுத்துப் போட்டார் என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழும். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியது என்றால், விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம்.

பதிந்த பிறகும் வேலை இருக்கிறது. உட்பிரிவு இல்லாத மாற்றம் என்றால் பட்டா தானாகவே நகரும். இருந்தாலும் இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பாதியை மட்டும் திருப்பியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு எண் வாங்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனியாகப் பேர் மாற்றுங்கள். ஏற்கெனவே எழுதி வைத்த உயிலில் அந்தச் சொத்து இருந்தால் அதையும் மாற்றணும். இப்போது அது வேறொருவர் சொத்து.

மற்றவர் சம்மதிக்கவே மாட்டேன் என்கிறார் என்றால் பத்திர எழுத்தர் கடையில் அதற்கு வழியில்லை. சம்மதம் இல்லாததை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிய காலத்தில் ஏமாற்றோ மிரட்டலோ நடந்திருந்தால் வழக்கு, பேசித் தீர வாய்ப்பிருந்தால் சமரசம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. திருநெல்வேலியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களிலும் வட்டக்குழு உண்டு. போகும்போது பழைய பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, கல்யாணப் பதிவு இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.